பாதியில் நின்ற டோரண்டை இன்னொரு டோரண்டின் தரவைக் கொண்டு முடிப்பது எப்படி?

பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவுவதற்காக, ஒரே குறுவட்டில் அடங்கும் பழைய லினக்ஸ் படிமம் (நிறுவல் வட்டின் முழு நகலான ஒரே கோப்பு) ஒன்றை டோரண்ட் வழியாகப் பதிவிறக்கத் தொடங்கினேன். டோரண்ட் என்பது ஒரு கோப்பைத் துண்டு துண்டாக, அதை வைத்திருக்கும் பலருடைய கணினிகளிலிருந்து பெறும் முறை. கோப்பின் அளவு 73,40,03,200 பைட், அதாவது சரியாக 700 மெகாபைட். அதை 1,400 துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் இரவிலேயே 1,386 துண்டுகள் வந்து சேர்ந்தன. மீதி 14 துண்டுகளுக்காகப் பதினொரு நாள் கணினியை அணைக்காமல் வைத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. திரையில் 99 சதவீதம் என்றே இருந்தது; ஆனால் அந்தப் படிமத்தைக் கொண்டு நிறுவத் தொடங்கினால் பாதி வழியில் பிழை காட்டி நின்றுவிட்டது.

அதே படிமம் வேறு யாரோ உருவாக்கிய இன்னொரு டோரண்டிலும் இருந்தது. அதுவும் முழுமையாக இல்லை. 96 சதவீதத்துக்கு மேல் யாரிடமும் தரவு இல்லாத டோரண்ட் அது. ஆயினும் முதலாவதில் இல்லாத பகுதி இரண்டாவதில் இருந்தது, இரண்டாவதில் இல்லாத பகுதி முதலாவதில் இருந்தது. இரண்டையும் சேர்த்தபோது முழுக் கோப்பு கையில் கிடைத்தது. அதற்காகப் புதிதாக இறக்க வேண்டியிருந்தது வெறும் 8 மெகாபைட். இந்த வழியை டோரண்டுக்குப் புதியவர்களும் செய்யக்கூடிய விதத்தில், செய்யும்போது தவறக்கூடிய இடங்களையும் சேர்த்துக் கீழே எழுதியிருக்கிறேன். பகிர்வதற்கு உரிமையுள்ள கோப்புகளை, அதாவது கட்டற்ற மென்பொருள்கள், பொதுவுடைமையான நூல்கள், ஒலிப்பதிவுகள் போன்றவற்றை, மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

டோரண்ட் எதைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறது

பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையில், டோரண்ட் கோப்பு என்பது உள்ளடக்கம் அல்ல. உள்ளடக்கத்தைப் பற்றிய பட்டியல். கோப்புகளின் பெயர், ஒவ்வொன்றின் அளவு, ஒரு துண்டின் நீளம், ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் நீளமுள்ள ஒரு ஷா-1 ஹாஷ் ஆகியவை அதில் இருக்கும். ஹாஷ் என்பதை அந்தத் துண்டின் கைரேகை என்று எண்ணிக்கொள்ளலாம். துண்டுக்குள் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும்.

ஒரு துண்டு வந்து சேர்ந்ததும் உங்கள் மென்பொருள் அதன் ஹாஷைக் கணக்கிட்டுப் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் வைத்துக்கொள்கிறது, பொருந்தாவிட்டால் மீண்டும் கேட்கிறது. அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பது இந்தச் சோதனையில் ஒரு பொருட்டே அல்ல. வேறு டோரண்டிலிருந்து வந்திருக்கலாம், வழங்குநரின் இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கியதாக இருக்கலாம், நண்பரின் பென்டிரைவிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். சரியான பெயரில், சரியான இடத்தில், சரியான பைட்டுகள் இருந்தால் போதும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் எல்லாப் படிகளும் தாமாகவே விளங்கிவிடும்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள்

கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் இவையே சற்று வேறு பெயர்களில் இருக்கும். ஒரு டோரண்டின் நிலை 'ஸ்டால்டு' என்று காட்டுவதால் மட்டும் அது செத்துவிட்டது என்று பொருளாகாது. இந்த நேரத்தில் தரவு எதுவும் வரவில்லை என்பதே அதன் பொருள். டோரண்டைத் தேர்ந்தெடுத்து, கீழேயுள்ள பொது விவரங்களில் 'அவைலபிளிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள். நீங்கள் இணைந்திருக்கும் எல்லோரிடமும் உள்ள துண்டுகளைச் சேர்த்தால் எத்தனை முழுப் பிரதிகள் தேறும் என்பதை அந்த எண் சொல்கிறது. அது 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுத் தரவும் எங்கோ இருக்கிறது. காத்திருந்தாலோ உங்கள் இணைப்பைச் சரிசெய்தாலோ வந்துவிடும். 0.990 என்பதுபோல 1-க்குக் கீழே இருந்து, இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரங்களில் பார்த்தும் ஏறாமல் நின்றால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

அப்படி நின்றுபோன டோரண்டில் பியர்களின், அதாவது அதில் உங்களோடு இணைந்திருப்பவர்களின், பட்டியலைத் திறந்தால் இன்னொரு காட்சியும் தெரியும். அங்கே இருக்கும் ஏழெட்டுப் பேரும் ஒரே சதவீதத்தில் நிற்பார்கள். எல்லோரும் தங்களிடம் உள்ளதை ஒருவருக்கொருவர் கொடுத்து முடித்துவிட்டார்கள். யாரிடமும் இல்லாத அந்தச் சில துண்டுகளுக்காக எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள்.

அடுத்து 'கன்டென்ட்' பகுதிக்குப் போய், எந்தெந்தக் கோப்பு 100 சதவீதத்தை எட்டவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு மேலாளரில் தெரியும் அளவை நம்பாதீர்கள். இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தால், ஒரு துண்டுகூட வராத கோப்பும் அங்கே முழு அளவில்தான் தெரியும்.

இரண்டாவது டோரண்டைத் தேர்ந்தெடுத்தல்

குறையாக நிற்கும் கோப்பின் பெயரையும், பைட் கணக்கில் அதன் துல்லியமான அளவையும் வைத்துத் தேடுங்கள். '700 எம்பி' என்று இரண்டு இடத்திலும் இருப்பது போதாது. 73,40,03,200 என்ற எண் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். அளவு ஒத்துப்போனால் கோப்பு ஒன்றாக இருக்கலாம் என்ற நம்பிக்கை மட்டுமே கிடைக்கும். அளவு மாறினாலோ, அது பெரும்பாலும் வேறு கோப்பு. பெயர் மாறியிருப்பது ஒரு பிரச்சினையே இல்லை, நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் ஓர் இடம் உண்டு. வேறு தளத்தில் கிடைத்தது என்பதால் அது வேறு டோரண்ட் ஆகிவிடாது. மேக்னெட் இணைப்பில் (டோரண்ட் கோப்புக்குப் பதிலாகத் தளங்கள் தரும் இணைப்பு) வரும் 40 எழுத்து அடையாளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் அது ஒன்றே என்றால், நீங்கள் கண்டுபிடித்தது அதே டோரண்டைத்தான். அதே கூட்டம்தான் அங்கேயும் காத்திருக்கும். புதிய டிராக்கர் (பியர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் சேவையகம்) முகவரி ஒன்றிரண்டு கிடைத்தால் அதைப் பழைய டோரண்டில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

உள்ளடக்கம் ஒன்று என்று கண்ணுக்கும் காதுக்கும் தோன்றுவதையும் நம்ப முடியாது. ஒரே பாடலை இருவர் தனித்தனியே எம்பி3 ஆக்கியிருந்தால் இரண்டும் கேட்க ஒன்றுபோல் இருக்கும். பைட்டுகள் ஒன்றாக இருக்காது. ஒரே கோப்புறையை இருவர் ஜிப் செய்தாலும் அப்படித்தான். அதேபோல், யாரோ ஒருவர் பாடல் கோப்பின் தலைப்பையும் பாடகர் பெயரையும் திருத்தியிருந்தால், அந்த விவரங்கள் பெரும்பாலும் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால், பின்னால் உள்ள அத்தனை பைட்டுகளும் இடம் தள்ளிப்போய் ஒரு துண்டுகூடப் பொருந்தாமல் போகலாம். படிமக் கோப்புகள், பிடிஎஃப் நூல்கள், யாரும் கைவைக்காத நிகழ்படக் கோப்புகள் ஆகியவற்றில்தான் இந்த முறை அதிகம் பலிக்கிறது என்பது என் அனுபவம்.

செய்முறை

முதலில் எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் முதல் டோரண்டில் நாற்பது கோப்புகள். அவற்றில் மூன்று குறையாக நிற்கின்றன. இரண்டாவது டோரண்டில் அந்த மூன்றும் முழுமையாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது டோரண்டைச் சேர்க்கும்போது வரும் சாளரத்தில், சேமிக்கும் இடமாக முற்றிலும் வேறொரு கோப்புறையைக் கொடுங்கள். கோப்புகளின் பட்டியலில் உங்களுக்குத் தேவையான மூன்றை மட்டும் தேர்வில் விட்டு, மற்றவற்றின் குறியை நீக்கிவிடுங்கள். அவை முழுமையாக இறங்கும்வரை முதல் டோரண்டைத் தொட வேண்டாம்.

இறங்கி முடிந்ததும் முதல் டோரண்டை நிறுத்திவையுங்கள். பழைய பதிப்புகளில் 'பாஸ்' என்றும், 5.0 பதிப்பு முதல் 'ஸ்டாப்' என்றும் இந்தக் கட்டளை இருக்கும். நிறுத்திய பிறகு, அதன் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வட்டில் இடம் போதவில்லை என்றால் குறையாக உள்ள அந்த மூன்று கோப்புகளையாவது நகலெடுங்கள். இந்த ஒரு படியை மட்டும் எவ்வளவு அவசரத்திலும் தாண்டிப் போகாதீர்கள். ஒருமுறை நான் தாண்டிப்போனேன். மூன்று வாரமாகச் சேர்த்த ஒரு தொகுப்பில் பெயர் மட்டும் ஒத்திருந்த வேறு கோப்பை மேலெழுதிவிட்டு, கையில் இருந்த 97 சதவீதத்தையும் இழந்தேன். செத்துப்போன டோரண்டில் இழந்த தரவு திரும்பவும் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நகல் எடுத்தாயிற்று என்றால், இரண்டாவது டோரண்டிலிருந்து வந்த கோப்பை நகலெடுத்து, முதல் டோரண்டின் கோப்புறைக்குள் குறையாக நிற்கும் கோப்பின் இடத்தில் ஒட்டுங்கள். இடமாற்ற வேண்டாம், நகலெடுங்கள். பெயர், உட்கோப்புறை, எழுத்துகளுக்கு இடையிலுள்ள இடைவெளி எல்லாம் முதல் டோரண்டின் 'கன்டென்ட்' பட்டியலில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கணக்கிடப்படும். விண்டோஸில் கோப்பின் நீட்டிப்பு மறைந்திருக்கும் என்பதால், நீங்கள் அறியாமலேயே நீட்டிப்பு இரண்டு முறை சேர்ந்துவிடக்கூடும். நீட்டிப்பைக் காட்டும்படி முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, முடியாத கோப்புகளின் பெயருக்குப் பின்னால் ஒரு தற்காலிக ஒட்டைச் சேர்க்கும் வழக்கம் கியூபிட்டோரண்டிலும், டிரான்ஸ்மிஷன் என்ற இன்னொரு டோரண்ட் மென்பொருளிலும் உண்டு. அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் வைத்த கோப்பு ஒரு பக்கமும் ஒட்டுள்ள பழைய கோப்பு ஒரு பக்கமும் கிடக்கும். எதைச் சரிபார்த்தது என்று உங்களுக்கே குழப்பம் வரும். அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

வட்டில் இடத்தை மிச்சப்படுத்த நகலுக்குப் பதிலாக வன்இணைப்பு (ஹார்ட் லிங்க், வட்டில் உள்ள ஒரே தரவுக்கு இன்னொரு பெயர்) உருவாக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். முடிந்துபோன, மாற்றமே இல்லாத கோப்புகளுக்கு அது சரி. இந்த வேலைக்கு அது ஆபத்து. இரண்டு பெயரும் ஒரே தரவைக் குறிப்பதால், ஒரு டோரண்ட் தவறாக எழுதினால் மற்றதும் கெட்டுவிடும்.

கடைசியாக, அந்த மூன்று கோப்புகளும் பதிவிறக்கத் தேர்வில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதல் டோரண்டின் மேல் வலது சொடுக்கி 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்கள். டிரான்ஸ்மிஷனில் 'வெரிஃபை லோக்கல் டேட்டா' என்பதே இது. மென்பொருள் வட்டில் உள்ள ஒவ்வொரு துண்டையும் முதலிலிருந்து படித்து ஹாஷ் பார்க்கும். முடியும்வரை டோரண்ட் நின்ற நிலையிலேயே இருக்கட்டும்.

சரிபார்ப்பின் முடிவை எப்படிப் படிப்பது

100 சதவீதம் என்று வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம். அந்த எண்ணும், அது வந்த விதமும் நிறையச் சொல்லும்.

குறிப்பிட்ட கோப்பு 0 சதவீதம் என்று காட்டினால், சரிபார்க்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கவனியுங்கள். 700 மெகாபைட் கோப்பைச் சாதாரண வன்வட்டிலிருந்து படிக்கச் சில விநாடிகளாவது ஆகும். கண்ணிமைக்கும் நேரத்தில் 0 என்று வந்துவிட்டால், மென்பொருள் அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்கவே இல்லை. பெயரிலோ கோப்புறையிலோ பிழை இருக்கிறது. வட்டு ஓடும் ஓசை கேட்டு, நிதானமாகப் படித்து முடித்த பிறகு 0 என்று வந்தால், கோப்பு கிடைத்தது, ஆனால் உள்ளடக்கம் வேறு. இந்த இரண்டாவது நிலையில் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தவே கூடாது. நகலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, மீண்டும் ஒருமுறை சரிபார்த்துப் பழைய சதவீதத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் ஓரிரு துண்டுகள் மட்டும் பொருந்தாமல் மற்றவை எல்லாம் பொருந்தினால், அளவு மாறாதபடி யாரோ தலைப்பு விவரங்களை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். பாடல் இயக்கி மென்பொருள்கள் சிலவும் கேட்காமலேயே இந்த வேலையைச் செய்வதுண்டு. தொடக்கம் பொருந்தி, ஓரிடத்திலிருந்து கடைசிவரை எல்லாமே பொருந்தாவிட்டால், அந்த இடத்தில் பைட்டுகள் சேர்ந்தோ குறைந்தோ பின்பகுதி முழுவதும் தள்ளிப்போயிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள் மட்டும் தவறினால், கோப்பு ஒன்றுதான், அவ்வளவு துண்டுகள் மட்டும் பழுதானவை. டோரண்டைத் தொடங்கினால் அவற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும், கொடுக்க ஆள் இருந்தால்.

எல்லைத் துண்டு என்னும் தொல்லை

எல்லாக் கோப்புகளையும் சரியாக வைத்த பிறகும் 99.7 சதவீதத்தில் நின்று, இரண்டு கோப்புகள் மட்டும் குறையாகவே காட்டும் நிலை மிகவும் சாதாரணமாக வரும். இதன் காரணத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய வகை டோரண்ட், கோப்புகளைத் தனித்தனியாகத் துண்டு போடுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளச் சரமாகக் கோத்து, அந்தச் சரத்தைத்தான் சமமாக வெட்டுகிறது. துண்டின் நீளம் 10,48,576 பைட் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோப்பு 53,00,000 பைட் உள்ள ஒரு பாடல். ஐந்து துண்டுகள் 52,42,880 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். மீதி 57,120 பைட் ஆறாவது துண்டின் தொடக்கத்தில் போய் உட்காரும். அடுத்து 2,000 பைட் மட்டுமே உள்ள ஒரு சிறு உரைக் கோப்பு. அதுவும் அதே ஆறாவது துண்டில் அடங்கிவிடும். எஞ்சிய 9,89,456 பைட்டுகளை மூன்றாவது கோப்பாகிய அடுத்த பாடல் நிரப்பும்.

இப்போது இரண்டு பாடல்களும் முழுமையாக உங்களிடம் உள்ளன, அந்த 2,000 பைட் உரைக் கோப்பு மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? ஆறாவது துண்டின் ஹாஷ் பொருந்தாது. ஹாஷ் துண்டு முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்க்கப்படுகிறது. ஆகவே முதல் பாடலின் கடைசிப் பகுதியும் இரண்டாவது பாடலின் முதல் பகுதியும் இல்லை என்றே மென்பொருள் சொல்லும். ஆனால் வட்டில் அந்தப் பாடல்கள் இரண்டும் கடைசி பைட் வரை முழுமையாகவே இருக்கின்றன. நமக்கு வேண்டியது பாடலா, 100 என்ற எண்ணா என்று கேட்டுக்கொண்டால், இந்த இடத்தில் நிம்மதியாக நிறுத்திக்கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: முழுமையான அந்தப் பாடல்களை உடனே வேறோர் இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். டோரண்டைத் திரும்பத் தொடங்கினால் மென்பொருள் அந்த எல்லைத் துண்டை இல்லாததாகவே கருதும். யாரேனும் பழுதான தரவை அனுப்பினால் அதன் மேலேயே எழுதிவிடக்கூடும்.

உரைக் கோப்பையும் மீட்டாக வேண்டும் என்றால், அதே தொகுப்பாளர் வெளியிட்ட வேறு தொகுப்புகளில் அதே அளவில் அந்த உரைக் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். நோட்பேடில் திறந்து நகலெடுத்து ஒட்டிச் சேமித்தால் வரிமுடிவுக் குறிகள் மாறிப்போய் அளவே வேறாகிவிடும். கோப்பைக் கோப்பாகவே நகலெடுக்க வேண்டும்.

இரண்டு டோரண்டுமே குறையாக இருந்தால்

தொடக்கத்தில் நான் சொன்ன லினக்ஸ் படிமத்தின் கதை இதுதான். இங்கே கோப்பை மாற்றி வைப்பது உதவாது. ஒன்றின் குறையை எடுத்துவிட்டு இன்னொன்றின் குறையை வைத்ததாகிவிடும். வழி வேறு. முதல் டோரண்டின் தரவை இரண்டாவது டோரண்டுக்கு முதலீடாகக் கொடுக்க வேண்டும்.

முதல் டோரண்டை நிறுத்தினேன். அதன் குறைக் கோப்பை நகலெடுத்து ஒரு புதிய கோப்புறையில் வைத்து, இரண்டாவது டோரண்டில் இருந்த பெயரை அதற்கு இட்டேன். பிறகு இரண்டாவது டோரண்டை, உடனே தொடங்காதபடி குறியை நீக்கி, அதே கோப்புறையைச் சேமிக்கும் இடமாகக் கொடுத்துச் சேர்த்து, சரிபார்க்கச் சொன்னேன். ஹாஷ் சோதனையைத் தவிர்க்கும் தேர்வு ஒன்று அந்தச் சாளரத்தில் இருக்கும். அதில் குறி இருக்கவே கூடாது. இருந்தால் குறைக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பி, கெட்ட தரவை மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும்.

முதல் டோரண்டின் துண்டு 512 கிலோபைட். இரண்டாவதின் துண்டு 1 மெகாபைட். ஆகவே இரண்டாவதில் மொத்தம் 700 துண்டுகள்தான். என்னிடம் இல்லாத 14 சிறு துண்டுகள் இரண்டு இடங்களில் அடுத்தடுத்து இருந்ததால், அவை 8 பெரிய துண்டுகளைத்தான் பாதித்தன. சரிபார்ப்பு முடிந்தபோது இரண்டாவது டோரண்டில் 692 துண்டுகள் சரியென ஏற்கப்பட்டுவிட்டன. அந்தக் கூட்டத்தில் வேறு எவரும் 672-ஐத் தாண்டியிருக்கவில்லை. தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். எனக்குத் தேவைப்பட்ட 8 துண்டுகளும் அவர்களிடம் இருந்தன. சில நிமிடங்களில் வந்துவிட்டன. அந்த முழுக் கோப்பை நகலெடுத்து, பழைய பெயரிட்டு, முதல் டோரண்டின் கோப்புறையில் வைத்துச் சரிபார்த்தேன். 1,400-க்கு 1,400.

இரண்டு டோரண்டையும் ஒரே கோப்பின் மேல் ஒரே நேரத்தில் ஓடவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது. வந்த தரவு ஹாஷ் சோதனைக்கு முன்பே வட்டில் எழுதப்படலாம் என்பதால், ஒன்றின் நல்ல துண்டின் மேல் மற்றதின் பழுதான தரவு விழ வாய்ப்புண்டு.

இரண்டாவது டோரண்டை நீங்கள் முன்பே பாதி இறக்கி வைத்திருந்து, இப்போது அதில் ஆளே இல்லை என்றால், வீட்டில் இரண்டாவது கணினி ஒன்று இருந்தால் போதும். ஒரு கணினியில், இரண்டாவது டோரண்டை அதன் சொந்தக் குறைத் தரவோடு ஓடவிடுங்கள். மற்றதில், அதே டோரண்டை, மேலே சொன்னபடி முதல் டோரண்டின் தரவைக் கொடுத்துச் சரிபார்த்து ஓடவிடுங்கள். உள்ளூர்ப் பியர்களைக் கண்டறியும் வசதியை இரண்டிலும் இயக்கினால், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டு, தத்தம் குறைகளை நிரப்பிக்கொள்ளும். இணையமே தேவையில்லை. தனியார் (பிரைவேட்) டோரண்டாக, அதாவது தன் டிராக்கர் வழியாக மட்டுமே பியர்களைப் பெறும்படி, குறிக்கப்பட்டவற்றில் மட்டும் இந்தக் கண்டறிதல் இயங்காது.

தானாகவே நடக்கும் சில இடங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2012 ஆகஸ்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், ஒலிப்பதிவுகள், திரைப்படங்களுக்கு டோரண்ட் வழங்கத் தொடங்கியது. பழைய தமிழ் நூல்களின் ஒளிநகல்கள் பலவும் அங்கே இருக்கின்றன. ஒரு தொகுப்பின் கோப்போ விவரக் குறிப்போ பின்னாளில் மாறினால், அந்தத் தொகுப்புக்கு டோரண்டும் புதிதாக உருவாகிவிடும். உங்களிடம் உள்ள பழைய டோரண்ட், மாறிப்போன சிறு விவரக் கோப்புக்காகக் கடைசி ஒரு சதவீதத்தில் காத்து நிற்கும். அதே பக்கத்திலிருந்து புதிய டோரண்டை இறக்கி, பழைய கோப்புறையின் நகலைச் சேமிக்கும் இடமாகக் கொடுத்துச் சரிபார்த்தால், முன்பு இறக்கியவை பெரும்பாலும் அப்படியே ஏற்கப்பட்டு, மாறியவை மட்டும் வந்து சேரும். இந்த முறையைப் பழகிப் பார்க்க விரும்புவோர் இங்கிருந்து தொடங்குவதே எளிது.

பிக்லிபிடி என்ற மென்பொருளில் இதே வேலையைத் தானாகச் செய்யும் 'ஸ்வார்ம் மெர்ஜிங்' என்ற வசதி உண்டு. பைட் அளவு துல்லியமாக ஒத்திருக்கும் பெரிய கோப்புகள் இரண்டு டோரண்டுகளில் இருந்தால், ஒன்றில் வந்த தரவை மற்றதற்கும் அதுவே பயன்படுத்திப் பார்க்கும். பிட்டோரண்டின் இரண்டாம் பதிப்பில் சிக்கலின் வேரையே சரிசெய்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஹாஷ் மரம் (ஹாஷ்களை அடுக்கடுக்காக இணைத்து ஒரே வேர் ஹாஷில் முடிக்கும் அமைப்பு) உண்டு, துண்டுகள் கோப்பின் எல்லையைத் தாண்டுவதில்லை, ஷா-256 பயன்படுகிறது. ஒரே கோப்பு எத்தனை டோரண்டில் இருந்தாலும் அதன் வேர் ஹாஷ் ஒன்றாகவே இருக்கும். கியூபிட்டோரண்ட் பயன்படுத்தும் லிப்டோரண்ட் நிரல்தொகுப்பில் 2020-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இது உண்டு. ஆனால் நின்றுபோய்க் கிடக்கும் பழைய டோரண்டுகளில் பெரும்பாலானவை முதல் பதிப்பைச் சேர்ந்தவை என்பதால் கைவேலை இன்னும் தேவைப்படுகிறது.

முடிந்த பிறகு

முதல் டோரண்ட் 100 சதவீதத்தை எட்டியதும் அதை நீக்கிவிடாதீர்கள். தொடக்கப் பொத்தானை அழுத்தி, பியர்களின் பட்டியலைத் திறந்து வையுங்கள். அந்தக் கூட்டத்தில் பல நாளுக்குப் பிறகு வந்திருக்கும் முதல் 'சீடர்', அதாவது முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர், நீங்கள். பகிர்வு அளவு இவ்வளவு ஆனதும் நிறுத்து என்று அமைப்புகளில் ஏதேனும் வரம்பு இருந்தால், இந்த ஒரு டோரண்டுக்கு மட்டும் அதை நீக்கிவிடுங்கள். பதிவேற்ற வேகத்தை மிகவும் குறைத்து வைத்திருந்தால் சற்று உயர்த்துங்கள். கொடுக்க வேண்டியது சில மெகாபைட்டுகளே. நகலாக எடுத்து வைத்திருந்த குறைக் கோப்பை இப்போது அழித்துவிடலாம். இரண்டாவது டோரண்டையும் அதன் முழுக் கோப்போடு தொடர்ந்து ஓடவிடுங்கள், அங்கேயும் 96 சதவீதத்தில் காத்திருப்பவர்கள் உண்டு.

என் லினக்ஸ் படிமத்தின் டோரண்டில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் 99.0-இல். நான் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒருவருடைய எண் 99.1 ஆனது, பிறகு இன்னொருவருடையது. நான் கொடுத்த துண்டுகளை அவர்கள் தங்களுக்குள்ளும் கொடுத்துக்கொண்டதால் அரை மணி நேரத்துக்குள் ஆறு பேருமே முடித்துவிட்டார்கள். அவர்களில் நான்கு பேர் அடுத்த நாளும் விலகாமல் இருந்தார்கள்.